வளர்த்தவளை மேடையேற்றினால் பெற்றவள் எங்கே நிற்பாள்? தன்கதை சொல்லும் ஓராள் அரங்கு: ஒரு விளக்கம்

ஒருவர் மட்டும் மேடையேறுகிறார். "என்னை வளர்த்தது எங்க அம்மாயி" என்று, அம்மாவைப் பெற்றவளைச் சொல்லி ஆரம்பிக்கிறார். ஒரு மணி நேரத்துக்கும் மேலாக அந்த ஒரே பெண்ணைப் பற்றி, சில நேரம் அவளாகவே மாறி, பேசி நடித்துவிட்டு இறங்குகிறார். இலங்கை மலையகத்தில், ஹட்டனிலோ கண்டியிலோ பண்டாரவளையிலோ, இப்படி ஒன்றைப் பார்த்துவிட்டு வெளியே வந்து தேத்தண்ணிக் கடையில் நிற்பவர்கள் கேட்கக்கூடிய கேள்விகள் மூன்று. இது நாடகமா, பேச்சா? சொன்னதெல்லாம் நிஜமா? வீட்டுக்குள் இருக்க வேண்டிய கதையை ஊர் முன்னால் சொல்ல இவருக்கு யார் உரிமை கொடுத்தது? மூன்றாவதுதான் கனமான கேள்வி. முதல் இரண்டையும் ஒதுக்கிவிட்டு நேராக அங்கே போனால் சண்டைதான் மிஞ்சும் என்பதால் அடியிலிருந்தே வருவோம்.

முதலில் பெயர்க் குழப்பம்

நம்மிடம் ஒரே மாதிரிக் காதில் விழும் சொற்கள் நாலைந்து இருக்கின்றன. விளம்பரத் துண்டில்கூட மாற்றி மாற்றிப் போடுகிறார்கள்.

1. ஓரங்க நாடகம்: ஒரே அங்கத்தில் முடிகிற நாடகம். அங்கம் என்றால் நாடகத்தின் ஒரு பகுதி, அவ்வளவுதான். இதில் பத்துப் பேர்கூட நடிக்கலாம். "ஓர்" என்ற எண் ஆளைக் குறிக்கவில்லை.

2. தனிநடிப்பு: பாடசாலைப் போட்டிகளில் பார்த்திருப்போம். சில நிமிடங்களில் கண்ணகியோ பாரதியோ ஒரு குடிகாரத் தகப்பனோ வந்து போவார்கள். நடிக்கிற பிள்ளையின் சொந்த வாழ்க்கைக்கும் அதற்கும் சம்பந்தம் இருக்கத் தேவையில்லை.

3. ஓராள் அரங்கு: முழு நீள நிகழ்ச்சி, ஒரே நடிகர். கதை யாருடையதாகவும் இருக்கலாம். அமெரிக்காவில் ஆனா டெவியர் ஸ்மித் என்பவர் 1992 லொஸ் ஏஞ்சலிஸ் கலவரத்தைப் பற்றிப் பலரைப் பேட்டி கண்டு, அவர்கள் பேசியதைத் தடுமாற்றம் உட்பட அப்படியே மேடையில் பேசினார். அதுவும் ஓராள் அரங்குதான், ஆனால் அவருடைய தன்கதை இல்லை.

4. தன்கதை சொல்லும் ஓராள் அரங்கு: நடிப்பவரும் எழுதியவரும் கதைக்குள் "நான்" என்று வருபவரும் ஒரே ஆள். இந்தக் கட்டுரை பேசுவது இதைத்தான்.

நாலாவது வகையில் பார்வையாளருக்கும் நடிகருக்கும் நடுவே சொல்லாமலே ஓர் ஒப்பந்தம் ஏற்படுகிறது: "இது எனக்கு நடந்தது." மற்ற மூன்றிலும் அந்த ஒப்பந்தம் கிடையாது. கண்ணகியாக நடித்த பிள்ளையிடம் போய் "நீ மதுரையை எரித்தாயா" என்று யாரும் கேட்பதில்லை. இங்கே கேட்பார்கள், கேட்கவும் வேண்டும்.

இது வெளியூர்ச் சரக்கா?

அமெரிக்காவில் 1970களின் கடைசியில் ஸ்போல்டிங் கிரே என்ற நடிகர் ஒரு மேசை, ஒரு கிளாஸ் தண்ணீர், ஒரு குறிப்புக் கொப்பி, இவ்வளவை வைத்து உட்கார்ந்தபடியே தன் வாழ்க்கையைச் சொல்லத் தொடங்கினார். தன்கதை அரங்குக்கு அந்த மேசையை ஒரு தொடக்கம் மாதிரிக் காட்டுவது வழக்கம். சரி, இருக்கட்டும். ஆனால் ஓர் ஆள் நின்று பல ஆளாக மாறுவது நம் பக்கத்துக்குப் புதிது கிடையாது. கேரளத்தின் நங்கியார்கூத்தில் ஒரே பெண் கிருஷ்ணன் கதையில் வருகிற எல்லோராகவும் மாறுவாள். சத்தீஸ்கரின் பாண்டவானியில் தீஜன் பாய் கையிலிருந்த தம்பூரா ஒரு கணம் பீமனின் கதாயுதம், அடுத்த கணம் இன்னொன்று. நம் கோயில்களில் கதாகாலட்சேபம் செய்தவர்களும் இதைத்தான் செய்தார்கள்.

"அதெல்லாம் புராணம், சொந்தக் கதை எங்கே" என்று கேட்டால், இருக்கிறது, அதுவும் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துக்குள்ளேயே இருக்கிறது: ஒப்பாரி. ஒப்பாரி வைக்கிற பெண் செத்தவரைப் பற்றி மட்டுமா பாடுகிறாள்? "என்னப் பெத்த தாயே" என்று தொடங்கி, தாயின் பெருமையைச் சொல்லி, அப்படியே தன் புருஷன் வீட்டுக் கொடுமைக்கும் அண்ணன் கைவிட்டதற்கும் போய், சுற்றி நிற்கிற உறவுக்காரர் முகத்துக்கு நேராக வேறு எந்த நாளிலும் சொல்ல முடியாததையும் சொல்லிவிட்டுத் திரும்பத் தாயிடம் வருவாள். அடுத்தவருடைய வாழ்க்கையைச் சொல்லும் சாக்கில் தன் வாழ்க்கையைச் சொல்வது. தன்கதை அரங்கின் உள் எலும்பு இதுதான், நாம் அதற்கு நாடகம் என்று பேர் வைக்கவில்லை.

காமன் கூத்தும் பக்கத்தில் வருகிறது. மாசியில் காமன் கம்பம் ஊன்றி, தப்பு அடித்து, தோட்டமே கூடி ஆடுகிற அந்தக் கூத்தில் ரதியாக நிற்பது காலம் காலமாக ஓர் ஆண்தான். ரதி புலம்பும்போது "இது நம்ம மேட்டு லயத்துப் பையன்" என்பதும் தெரியும், அழுகையும் வரும். ஆகவே ஓர் ஆண் சேலை கட்டாமலே அம்மாயியாக மாறுவதைப் பார்த்துச் சிரிப்பு வருகிறது என்றால், சில நேரம் குறை நடிப்பில் இருக்கலாம், சில நேரம் நம் மறதியில் இருக்கலாம்.

ஒரு வித்தியாசம் மட்டும் பெரியது. ஒப்பாரி, பாடப்படுகிறவள் செத்த பிறகுதான் வரும். மேடை நிகழ்ச்சி அவள் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும்போதே நடக்கலாம்.

மேடையில் நிற்பது ஒருவர், பேசுவது மூவர்

விளக்கத்துக்காக ஒரு கற்பனை ஆளை வைத்துக்கொள்வோம். பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் வளர்ந்தவர், வயது முப்பத்தைந்து, நாலு வயதில் அம்மா வீட்டு வேலைக்காகக் குவைத் போக, அம்மாயியிடம் வளர்ந்தார். இவர் மேடையேறினால் உள்ளே மூன்று குரல் ஓடும்.

1. இன்றைய "நான்": முப்பத்தைந்து வயது, நடந்து முடிந்ததெல்லாம் தெரிந்தவர்.
2. அன்றைய "நான்": நாலு வயது. அம்மா எங்கே போனாள், ஏன் போனாள், எதுவும் தெரியாது.
3. அவள்: அம்மாயி.

நிகழ்ச்சி நன்றாக வருவதும் நாறிப்போவதும் இந்த மூன்றையும் எவ்வளவு தெளிவாகப் பிரிக்கிறார் என்பதில்தான். முப்பத்தைந்து வயதுக்காரரின் அறிவை நாலு வயதுக் குழந்தையின் வாயில் வைத்தால் உடனே பொய் தட்டும். "அம்மாயி என்னை இறுக்கி அணைத்தபோது அந்த அணைப்பில் ஒரு தலைமுறையின் வலியை உணர்ந்தேன்" என்று ஒரு நாலு வயதுப் பிள்ளை உணராது. அதற்கு உணர வருவது சேலையில் ஒட்டியிருக்கிற புகை வாசமும், பச்சைக் கொழுந்து வாசமும், இஸ்தோப்பின் (வாசல் திண்ணையின்) குளிர்ந்த சீமெந்தும்தான்.

குரல்களைப் பிரிக்கக் குரலை மாற்ற வேண்டும் என்றுகூட இல்லை. நிற்கிற இடத்தை மாற்றலாம், ஒரு பொருளைப் பிடிக்கலாம். கொழுந்துக் கூடைக் கயிறு நெற்றியில் அழுத்தப் பல வருடம் நடந்தவளின் கழுத்து நிற்கிற விதமே வேறு. அந்தக் கழுத்தை மட்டும் சரியாகப் பிடித்தால் வேறெதுவும் வேண்டாம். படங்கை (வேலைக்குச் சேலைமேல் சுற்றும் தடித்த துணியை) இடுப்பில் கட்டுகிற முடிச்சு ஒன்றே போதும், சபையில் உட்கார்ந்திருக்கிற பெண்களுக்கு அவள் யாரென்று தெரிந்துவிடும். அதே முடிச்சைத் தப்பாகப் போட்டால் அதுவும் தெரிந்துவிடும், அதன் பிறகு அவர் என்ன பேசினாலும் எடுபடாது.

இங்கே நான் அடிக்கடி முணுமுணுக்கிற ஒரு குறை. பாட்டி என்றவுடன் கூனிய முதுகு, நடுங்கும் கை, இருமல். கணக்கைக் கொஞ்சம் பாருங்கள். ஊழியர் சேமலாப நிதியைப் பெண்கள் 50 வயதில் எடுக்கலாம் (ஆண்களுக்கு 55). தோட்டத்தில் பேர்ப்பதிவிலிருந்து விலகி, அந்தக் காசில் கூரைத் தகரத்தை மாற்றிவிட்டு, பேரப்பிள்ளையைத் தூக்கிக்கொண்ட அம்மாயிக்கு அப்போது வயது ஐம்பதுதான். விறகு உடைப்பாள், ஞாயிற்றுக்கிழமை கைக்காசுக் கொழுந்துக்கும் போவாள், பக்கத்துக் காம்பராக்காரியோடு (லயத்தின் அடுத்த அறைக்காரியோடு) சத்தம் போட்டுச் சண்டையும் பிடிப்பாள். அவளைக் கூன் போட வைத்தது வயது இல்லை, மேடைப் பழக்கம்.

"நிஜமா?" என்ற கேள்வி

நினைவை நாடகமாக்கினால் மூன்று சம்பவம் ஒரு சம்பவமாகச் சேரும், இரண்டு அத்தைமார் ஓர் அத்தை ஆவார்கள், சொல்லாத வார்த்தை வாயில் வரும். இருபத்தைந்து வருடத்தை எழுபது நிமிடத்துக்குள் அடைக்க வேறு வழியில்லை, இதில் குற்றமும் இல்லை. குற்றம் வருவது விளைவை மாற்றும்போது. அடிக்காத ஆளை அடித்தார் என்றால், அனுப்பிய காசை அனுப்பவில்லை என்றால், அது சுருக்கம் இல்லை, பழி. ஏனென்றால் கதைக்கு வெளியே அந்த ஆள் இன்னும் அதே லயத்தில் இருக்கிறார், நாளைக்குக் காலையில் பீலியில் தண்ணீர் பிடிக்கப் போக வேண்டும்.

மலையகத்தில் ஏன் இத்தனை அம்மாயிகள்?

வேறெங்காவது ஒருவர் "என்னை வளர்த்தது பாட்டி" என்றால் அது அந்தக் குடும்பத்தின் தனிக்கதையாக இருக்கலாம். நம் பக்கம் அது பெரும்பாலும் ஒரு வரலாற்று விளைவு.

1. தோட்ட வேலையின் நேரம். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை போட்டதிலிருந்து, கொழுந்து பறிப்பது முக்கியமாகப் பெண்கள் வேலையாகவே இருந்து வருகிறது. காலையில் பிரட்டுக்கு (ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கும் இடத்துக்கு) போகிற தாய் கைப்பிள்ளையைப் பிள்ளைக்காம்பராவிலோ (தோட்டத்துக் குழந்தைக் காப்பகத்திலோ) கிழவியிடமோ விட்டுத்தான் மலையேறினாள். பிள்ளை வளர்ப்பு இரண்டு மூன்று பெண்களுக்குள் பங்கு போடப்பட்டது ஆசையால் இல்லை, கொழுந்து காத்திருக்காது என்பதால். பறித்த பெண்ணுக்கு ஆணுக்குச் சமமான நாட்சம்பளம் 1984இல்தான் வந்தது. வளர்த்த பெண்ணின் வேலை எந்தச் செக்ரோலிலும் (வேலைநாள் பதிவேட்டிலும்) ஏறவே இல்லை.

2. கப்பலும் கோச்சியும். 1948 சட்டம் இந்த மலையகத் தமிழரின் குடியுரிமையை எடுத்தது. 1964 ஒக்டோபர் 30இல் இலங்கையும் இந்தியாவும் செய்த சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்காகப் பிரித்தது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரை 1974இல் பாதிபாதி. தாளில் எழுதும்போது எண்ணிக்கை. ரயில் நிலையத்தில் அது அண்ணன் ஏற, தங்கை நிற்க, கத்திக் கதறுவது. அந்த ரயிலுக்கு ஜனங்கள் வைத்த பெயர் ஒப்பாரிக் கோச்சி. யாராவது ஒருத்தி தங்கிவிட்ட வீடுகளில் அவள்தான் மிச்சப் பிள்ளைகளுக்குத் தாய். நாடற்றவர் பிரச்சினைக்குச் சட்டத்தில் முடிவு தேட 2003 வரை ஆனது என்பதை வைத்துப் பார்த்தால், இன்றைய அம்மாயிகளில் பலர் தாங்கள் பிறந்த நாட்டிலேயே எந்த நாட்டுப் பிரஜையும் இல்லாமல் பிள்ளை வளர்த்தவர்கள்.

3. மத்திய கிழக்கு. இதுதான் இன்று மேடையேறுகிற வயதிலிருப்பவர்களின் கதை. தோட்டச் சம்பளம் போதவில்லை, தாய் பணிப்பெண்ணாகப் போனாள், பிள்ளை தாயின் தாயிடம். 2013இல் அரசு குடும்பப் பின்னணி அறிக்கை என்று ஒன்றைக் கொண்டுவந்தது. ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை இருந்தால் வீட்டு வேலைக்குப் போக முடியாது, அதற்கு மேல் என்றால் பிள்ளையை யார் பார்த்துக்கொள்வார் என்று காட்ட வேண்டும். 2022இல் அந்த வயது இரண்டாகக் குறைக்கப்பட்டது, நாட்டில் அப்போது டொலர் இல்லை. இந்தப் படிவத்தில் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். வெளிநாடு போகிற தகப்பனிடம் இதே கேள்வி கேட்கப்படவில்லை. அப்புறம், பிள்ளை வளர்ப்பதற்காக அம்மாயியின் பெயர் ஓர் அரசாங்கத் தாளில் ஏறியது என்றால் அது இங்கேதான், அதுவும் இன்னொருத்தி புறப்பட்டுப் போவதற்குச் சாட்சியாக.

பெற்றவளை என்ன செய்வது

இப்போது அந்தக் கனமான இடம். வளர்த்தவளுக்கு நன்றி சொல்லும் நிகழ்ச்சி, சொல்பவர் நினைத்தாலும் நினைக்காவிட்டாலும், பெற்றவள் மேல் ஒரு குற்றப்பத்திரிகை ஆகிவிடும். "அவள் என்னைக் கைவிடவில்லை" என்று அம்மாயியைப் பற்றிச் சொல்கிற ஒவ்வொரு முறையும், கைவிட்டது யார் என்ற கேள்வி சபையில் எழுந்து நிற்கிறது. நடிகர் அம்மாவின் பெயரைக்கூட எடுத்திருக்க மாட்டார். தேவையில்லை, ஊர் எடுத்துக்கொள்ளும். வெளிநாடு போன பெண்களைப் பற்றி ஊரில் என்ன பேச்சு இருக்கிறது என்பது யாருக்கும் தெரியாததில்லை.

இதைச் சமாளிக்க மூன்று வழிகளைப் பார்க்கலாம், மூன்றும் ஒரே தரத்தில் இல்லை.

1. அம்மாவை முழுக்க விட்டுவிடுவது. சுலபம், ஆனால் இல்லாதவளைச் சபை தன் இஷ்டத்துக்கு நிரப்பிக்கொள்ளும்.

2. கடைசியில் ஒரு மன்னிப்புக் காட்சி வைப்பது. விமான நிலையம், அழுகை, இசை. கைதட்டு நிச்சயம். எனக்கு இது பிடிக்கவில்லை, காரணம் எளிது: மன்னிக்கிற நாற்காலியில் மகன் உட்கார்ந்துவிடுகிறார், தாய் எந்தத் தப்பும் செய்யாமலே மன்னிக்கப்படுகிறாள்.

3. அம்மா இல்லாததை ஒரு வேலையாகக் காட்டுவது. இதுதான் கடினம், இதுதான் நியாயம். அம்மாயி பால்மா டின் வாங்கிய காசு எங்கிருந்து வந்தது? ஹட்டன் நஷனல் வங்கியோ மக்கள் வங்கியோ, வரிசையில் நின்று அவள் எடுத்த பணம் யாருடைய உழைப்பு? குரலைக் கசெட்டில் பதிந்து அனுப்பிய காலம் இருந்தது. அம்மாயி அந்தக் கசெட்டைப் பிள்ளைக்குப் போட்டுக் காட்டினாளா, ஒளித்து வைத்தாளா? போட்டுக் காட்டினால் பிள்ளை இரவெல்லாம் அழும், ஒளித்து வைத்தால் தாயை மறக்கும். இந்த ஒரு கேள்வியை மேடையில் வைத்தாலே இரண்டு பெண்களும் உள்ளே வந்துவிடுவார்கள், இருவரில் ஒருத்தியை நல்லவளாக்க மற்றவளைக் கெட்டவளாக்க வேண்டிய தேவை போய்விடும்.

அம்மாயியும் தெய்வம் கிடையாது என்பது அப்போதுதான் வெளியே வரும். மகள் திரும்பி வந்தபோது பிள்ளையை விட்டுக்கொடுக்க மனசில்லாமல் அவள் என்ன செய்தாள், என்ன பேசினாள் என்பது பெரும்பாலான வீடுகளில் பேசப்படாத ஒன்று. போற்றுகிற நிகழ்ச்சியில் இதைச் சொல்லலாமா? சொன்னால்தான் போற்றுதல் நிற்கும் என்பது என் கருத்து. குறையே இல்லாத பெண்ணை யாரும் நம்புவதில்லை, அவளுக்குக் கடன்பட்டிருப்பதாகவும் உணர்வதில்லை.

அனுமதி: சட்டம் ஒன்று, வீடு இன்னொன்று

சட்டத்தை இரண்டு வரியில் முடிக்கலாம். பொது மேடை நிகழ்ச்சிகளைக் கட்டுப்படுத்தும் கட்டளைச் சட்டம் 1912இலிருந்து இருக்கிறது, நாடகப் பிரதியை முன்கூட்டியே கொடுத்து அனுமதி எடுக்கும் நடைமுறையும் அதை ஒட்டித்தான் வந்தது. தன்கதை அரங்குக்கு இதில் ஒரு விசித்திரச் சிக்கல் உண்டு: இந்த வகை ஆட்டம் ஊருக்கு ஊர் மாறும். கொழும்பில் "பிரட்டு" என்றால் விளக்க வேண்டும், மஸ்கெலியாவில் விளக்கினால் சிரிப்பார்கள். தாளில் இருப்பதும் வாயில் வருவதும் ஒன்றாக இருப்பது அபூர்வம்.

வீட்டு அனுமதி அதைவிடச் சிக்கல். எழுத்து தெரியாத அம்மாயிக்குப் பிரதியைக் கொடுத்துக் கையெழுத்து வாங்குவதில் அர்த்தமில்லை. உட்கார வைத்து, முழுசாக, மேடையில் சொல்லப்போகிற மாதிரியே சொல்லிக் காட்ட வேண்டும். அதுவும் ஒரு தரம் போதாது. முதல் தரம் அவள் பேரன் பேசுகிறான் என்ற பூரிப்பில் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவாள், இரண்டாம் தரம்தான் காது கொடுத்துக் கேட்பாள்.

அப்போது வருகிற ஆட்சேபணை நாம் பயந்த இடத்தில் வராது. நம் கற்பனை ஆள், அம்மாயி தன்னை விறகுக் கட்டையால் அடித்த காட்சியைச் சொல்லப் பயந்துகொண்டிருந்தார் என்று வையுங்கள். அவள் அதற்கு ஒன்றும் சொல்லாமல், "அடிச்சேன்தான், ராசா, அடிக்காம எப்பிடி" என்று விட்டுவிடலாம். பக்கத்துக் காம்பராவில் ஒரு கொத்து அரிசி கடன் கேட்டுப் போய் நின்று, அவர்கள் கதவைத் திறக்காமல் திரும்பி வந்த காட்சி, அவருடைய எழுத்திலேயே நன்றாக வந்த காட்சி, அதற்குத்தான் முகம் சுருங்கும். "அத எடுத்துரு. அவ மக்க இன்னும் அங்கனதான் இருக்காங்க."

எடுத்துவிட வேண்டியதுதான். நிகழ்ச்சி நாலு நிமிடம் குறையும்.